மிஸுகி ஷிகெருவின் ஊரான சகாய்மினாத்தோவில் எதைப் பார்க்க வேண்டும்?

நெய்தல்வாசி (கேள்வி):
ஜப்பானியச் சித்திரக்கதை (மாங்கா) ஓவியர் மிஸுகி ஷிகெருவின் ‘நோன்நோன்பா’வைப் படித்த நாளிலிருந்து, அதில் வரும் கடலோரச் சிற்றூரை நேரில் காண வேண்டும் என்ற ஆசை என்னை விட்டு அகலவில்லை. வரும் இலையுதிர்காலத்தில் ஒசாக்காவில் தங்கவிருக்கிறேன். அங்கிருந்து தொத்தோரி மாகாணத்துச் சகாய்மினாத்தோவுக்குச் சென்றுவர இரண்டு நாட்கள் ஒதுக்க முடியும். ஆனால், இணையத்தில் கிடைக்கும் படங்களில் வெண்கலச் சிலைகளும், அவருடைய புகழ்பெற்ற கதைநாயகனான கிதாரோவின் முகம் பொறித்த பண்டங்களை விற்கும் கடைகளுமே தெரிகின்றன. அவருடைய சிறுவயதை உணர்த்தும் இடம் ஏதேனும் அங்கே இருக்கிறதா?

தொடர்வண்டிப் பிரியன்:
முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஷின் ஒசாக்காவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக வண்டியில் ஒக்காயாமாவுக்கும், அங்கிருந்து யகுமோ விரைவு வண்டியில் மலைகளைக் கடந்து யொனாகோவுக்கும் செல்லுங்கள். யொனாகோவில் சகாய் கிளைப்பாதை வண்டி ‘சுழியம்’ எண்ணிட்ட நடைமேடையிலிருந்து புறப்படும். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 16 நிலையங்களுக்கும் ஒவ்வொரு யோகாயின், அதாவது ஜப்பானிய நாட்டார் நம்பிக்கையில் வாழும் மாய உருவத்தின், பெயரைச் செல்லப்பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். வண்டிகளிலும் கிதாரோ கதைமாந்தர்களை வரைந்திருப்பதால், பயணம் யொனாகோவிலேயே தொடங்கிவிட்டதாக உணர்வீர்கள்.

கரையோரம்:
நீங்கள் தேடும் இடம் ஷோஃபுகுஜி என்னும் பௌத்தக் கோயில். 1922-இல் ஒசாக்காவில் பிறந்து சகாய்மினாத்தோவில் வளர்ந்த மிஸுகியை, அவர் வீட்டில் வேலை பார்த்த முதியவளான நோன்நோன்பா அங்கே அழைத்துச் சென்று, நரகத்தையும் சொர்க்கத்தையும் சித்திரித்த ஓவியங்களைக் காட்டினாள். மறுவுலகம் ஒன்று உண்டு என்ற எண்ணம் சிறுவனின் மனத்தில் அங்கேதான் வேரூன்றியது. பின்னாளில் அவர் வரைந்த யோகாய்கள் அனைத்துக்கும் மூலம் அந்த ஓவியங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வழிபாட்டிடம் என்பதால், அனுமதி கேட்டுவிட்டு உள்ளே செல்வதே முறை. பிறகு துறைமுகக் கரைக்குச் சென்று நில்லுங்கள். குறுகிய நீரிணைக்கு அப்பால் ஷிமானே தீபகற்பத்து மலைகள் மிக அருகில் எழுந்து நிற்கும். அக்கரையில் என்ன இருக்கிறது என்று ஒரு குழந்தை கற்பனை செய்துகொண்டே இருந்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

பழைய வாசகி:
கரையோரம் சொன்ன கோயிலை நானும் வழிமொழிகிறேன். ஆயினும், சிலைத் தெருவை வெறும் வணிகமாக எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்து கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த வீதியை மீட்பதற்காக, 1993-இல் 23 சிலைகளுடன் அதைத் தொடங்கினார்கள். இன்று நிலையத்திலிருந்து மிஸுகி ஷிகெரு நினைவகம் வரை சுமார் 800 மீட்டர் தூரத்துக்கு 170-க்கும் மேற்பட்ட சிலைகள் நிற்கின்றன. பிற்காலத்தில் வைத்தவற்றில் பலவற்றுக்குப் பொதுமக்களே பொருளுதவி செய்தார்கள். பெரும்பாலானவை கையளவே இருப்பதால், குனிந்து பார்த்தால்தான் முகபாவம் புலப்படும். 2018-இல் தெருவைச் சீரமைத்தபோது நடைபாதையை அகலப்படுத்தி, இரவில் யோகாய்களின் நிழல்கள் தரையில் விழும்படி விளக்குகளும் அமைத்தார்கள். பகலில் வந்துவிட்டுத் திரும்பிவிடுவோர் இதைத் தவறவிடுகிறார்கள். ஆகவே, ஓர் இரவு அவ்வூரிலேயே தங்குங்கள்.

நெய்தல்வாசி:
மூவருக்கும் நன்றி. இரவு தங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். நினைவகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பழைய வாசகி:
அரை நாளாவது வேண்டும். 2024-இல் புதிய கட்டடத்துடன் திறக்கப்பட்ட அந்நினைவகத்தில் யோகாய்களோடு, அவருடைய போர்க்கால வாழ்வையும் காண்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் நியூ பிரிட்டன் தீவுக்குப் படைவீரராக அனுப்பப்பட்ட அவர், மலேரியாவில் படுத்திருந்தபோது நடந்த குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார்; எஞ்சிய ஒரு கையால்தான் இத்தனையும் வரைந்தார். அந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கரையோரம்:
தோக்கியோவுக்கும் செல்வதாக இருந்தால், அவர் 2015-இல் மறையும் வரை பல பத்தாண்டுகள் வாழ்ந்த சோஃபு நகரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷின்ஜுக்குவிலிருந்து கெய்யோ தடத்தில் விரைவில் சென்றுவிடலாம். நிலையத்தை ஒட்டிய தென்ஜின் கடைவீதியிலும் கிதாரோ சிலைகள் உண்டு. அங்கிருந்து பேருந்தில் ஜின்தாய்ஜி கோயிலுக்குச் சென்றால், மரங்கள் அடர்ந்த அந்தச் சூழலில் அவர் ஏன் அவ்வூரை விட்டுப் போகவில்லை என்பது புரியும். கோயில் வாசலில் சோபா நூடுல்ஸ் கடைகள் வரிசையாக இருப்பதால், மதிய உணவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.