வெளியில் கம்பி கட்டியும் சிற்றலை வானொலியில் இரைச்சல் குறையவில்லை: வழி சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் நேயர்

அனைவருக்கும் வணக்கம். பழைய தோட்டத்தை ஒட்டி எழுந்த தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கடைசி வரிசை வீடு எங்களுடையது. பின்னால் ஒரு கால்வாய். அதற்கு அப்பால் அண்டை வீட்டுப் பாக்சிக்கின் (மலாய்ப் பெரியவரின்) ரம்புத்தான் மரங்கள், பிறகு செம்பனை (எண்ணெய்ப் பனை). லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில் அப்பா சின்னஞ்சிறு பெட்டியிலேயே லண்டன் பிபிசி தமிழோசையைத் தெளிவாகக் கேட்பார். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றுவிட்டது. ஆனாலும் சிற்றலை கேட்கும் பழக்கம் என்னை விடவில்லை.

என்னிடம் இருப்பது டெக்சன் பிஎல்-660 கைவானொலி. வீட்டுக்குள் 31 மீட்டர் பகுதியில் 'ங்ங்' என்ற ரீங்காரத்தைத் தவிர எதுவும் கேட்பதில்லை. ஜன்னலிலிருந்து ரம்புத்தான் மரத்துக்கு 15 மீட்டர் கம்பி இழுத்து, வானொலியின் இழுதண்டில் (இழுத்து நீட்டும் ஏரியலில்) கொக்கி போட்டு மாட்டினேன். நிலையங்களின் வலிமை கூடியது. இரைச்சலும் அதே அளவு கூடிவிட்டது. இதே பெட்டியைத் தோட்டத்துப் பந்துத் திடலுக்குக் கொண்டுபோனால் வெறும் தண்டிலேயே தெளிவாகப் பேசுகிறது. கடைக்காரர் சிக்னல் பெருக்கி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

தெலுக் இந்தான் செம்பனைக்காரர்

பெருக்கி வேண்டாம், அது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். முதலில் இரண்டு கேள்விகள். வானொலியைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தீர்களா? ரயில் பாதை எவ்வளவு தூரம்? உங்கள் ஊர் வழியாகப் போகும் மின்ரயில் பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. பாதையை ஒட்டிய வீடென்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட் நேயர்

ரயில் பாதை தொலைவில்தான் இருக்கிறது, அண்ணா. மெயினை அணைத்ததும் ரீங்காரத்தில் பெரும்பகுதி அப்படியே விழுந்துவிட்டது. அடியில் ஒரு 'கரகர' மட்டும் மிச்சம். இன்னொன்றையும் கவனித்தேன். மெயின் இருக்கும்போது அலையெண்ணை மெல்ல நகர்த்தினால், ரீங்காரம் சம இடைவெளிகளில் ஏறி ஏறி இறங்குகிறது.

கம்பார் பழைய நேயர்

இன்னும் நீளமாகக் கட்டிப் பாருங்கள். நான் அந்தக் காலத்தில் 40 மீட்டர் கட்டியிருந்தேன், உலகமே கேட்டது.

தைப்பிங் பழுதுபார்ப்பவர்

ஐயா, அந்தக் காலத்துக்கு 40 மீட்டர் சரி. அன்று வீட்டில் குண்டு பல்பும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மரும்தான் இருந்தன. இன்று எல்இடி விளக்கு, தொலைபேசி சார்ஜர், இணையப் பெட்டி, சூரிய மின்தகட்டு இன்வெர்ட்டர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. தம்பி சொல்லும் சம இடைவெளி ரீங்காரம் அந்த வெட்டலின் மடங்குகள்தான். மேலும், கைவானொலியில் 40 மீட்டரை மாட்டினால் மாலை நேரத்துச் சீன நிலையங்களின் பலத்தைத் தாங்காமல் பெட்டி திணறும். இல்லாத இடத்திலெல்லாம் நிலையங்கள் முளைக்கும். 15 மீட்டர் தாராளம்.

தம்பி, உங்கள் கம்பியில் குறையில்லை. அது தொடங்கும் இடம்தான் தவறு. ஒற்றைக் கம்பி ஏரியலுக்கு எப்போதும் ஒரு மறுபாதி வேண்டும். அதை நாம் கொடுக்காவிட்டால், வானொலியும் சுவருக்குள் ஓடும் மின்வயர்களும் சேர்ந்து அந்த மறுபாதியாகிவிடும். அப்புறம் உங்கள் சார்ஜரும் ஏரியலின் ஓர் உறுப்பு.

ஆகவே ஏரியல் தொடங்கும் இடத்தையே வீட்டைவிட்டு வெளியே தள்ளுங்கள். பாக்சிக்கிடம் அனுமதி கேட்டு, கால்வாய்க்கு அப்பால் 1.2 மீட்டர் நீளமுள்ள செம்பு பூசிய எர்த் கம்பி (மண்ணில் இறக்கும் தண்டு) ஒன்றை அடியுங்கள். நம் செம்மண் காய்ந்தால் இரும்பு மாதிரி. மழை பெய்த மறுநாள் அடித்தால் கை நோகாது. அதன் தலையில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து வீட்டுக்குத் தரையோடு தரையாக கோஆக்சியல் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி வெளிப்பின்னல் உள்ளது). மண்ணில் புதைத்தால் இன்னும் நல்லது. செயற்கைக்கோள் தட்டுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளே போதும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு பிஎன்-73-202 என்னும் இரட்டைத் துளை ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான் துண்டு) வாங்குங்கள். விரல் நுனியளவுதான் இருக்கும். எனாமல் கம்பி ஒரு துளையில் நுழைந்து மறு துளையில் திரும்பி வந்தால்தான் ஒரு சுற்று. ஏரியல் பக்கம் 9 சுற்று, கேபிள் பக்கம் 3 சுற்று. சுற்று விகிதம் 3, மின்மறுப்பு (மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடை) விகிதம் அதன் வர்க்கமான 9. கம்பியின் ஏறத்தாழ 450 ஓம் இதனால் 50 ஓமுக்கு இறங்கும். கேபிள் 75 ஓம் என்றாலும் கேட்பதற்கு ஒன்றும் குறையாது. 9 சுற்றுச் சுருளின் ஒரு முனை ஏரியல் கம்பிக்கு, மறு முனை எர்த் கம்பிக்கு. 3 சுற்றுச் சுருள் கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும்.

இரு சுருளும் எங்கும் தொடக்கூடாது. முனைகளில் எனாமலைப் பிளேடால் சுரண்டிவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குச் சோதியுங்கள். சத்தம் வந்தால் பிரித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். கடையில் 9:1 என்று விற்கும் பெட்டிகள் பலவற்றில் இரண்டு சுருளுக்கும் ஒரு முனை பொதுவாக இருக்கும். அதை மாட்டினால் வீட்டு இரைச்சல் கேபிளின் வெளிப்பின்னல் வழியே நடந்துபோய் ஏரியலில் ஏறிவிடும். நீங்கள் பட்ட பாடு வீண்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு தடை தேவை. எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் மெல்லிய ஆர்ஜி-174 கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றி இடையில் இணையுங்கள். ஒரு முறை நுழைத்ததோடு விட்டுவிடாதீர்கள். சுற்று இரட்டித்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். கடைசியாக, இழுதண்டில் கொக்கி போடாதீர்கள். தண்டு அறைக்குள் இருக்கும் இரைச்சலையும் பிடிக்கும். பக்கத்தில் உள்ள 3.5 மில்லிமீட்டர் வெளி ஏரியல் துளையில் செருகுங்கள்.

எல்லாம் முடிந்தபின், டிரான்ஸ்ஃபார்மரில் ஏரியல் கம்பியை மட்டும் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பெட்டி அமைதியாக வேண்டும். அப்போதும் ரீங்காரம் இருந்தால் அது கேபிள் வழியே வருகிறது என்று பொருள்.

கோலக்கங்சார் சகோதரி

கம்பியின் மறு முனையைச் செம்பனையில் கட்டாதீர்கள். குலை வெட்டும்போது மட்டையையும் சேர்த்து அறுப்பார்கள். நீண்ட அலுமினியக் கோலோடு அண்ணாந்து வேலை செய்பவரின் தலைக்கு மேல் நம் கம்பி தொங்குவது ஆபத்து. பால்மரம் (ரப்பர்), பலா, ரம்புத்தான் எதுவானாலும் காற்றில் ஆடும். முனையில் ஒரு கப்பி வைத்து, மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டால் மரம் ஆடினாலும் கம்பி அறாது. மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ குறுக்காக ஒருபோதும் இழுக்காதீர்கள்.

மரமே கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பக்கத்துக்கு நாலரை மீட்டர் வீதம் உறையுள்ள கம்பியைத் தரையிலேயே சதுரமாகக் கிடத்தி, ஒரு மூலையில் இதே மாதிரி சுருள்கள் தொடாத டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். நிலையங்கள் மெலிந்துதான் வரும். ஆனால் இரைச்சல் அதைவிட மெலிந்துவிடுவதால் பேச்சு புரியும். புல் வெட்டும் இயந்திரக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சுங்கை சிப்புட் நேயர்

அண்ணா, அக்கா, கட்டி முடித்துவிட்டேன். பாக்சிக் தாமே வந்து எர்த் கம்பிக்குச் சம்மட்டி போட்டார். ஏரியல் கம்பியைக் கழற்றினால் பெட்டி மௌனம், மாட்டினால் நிலையங்கள். 10,000 கிலோஹெர்ட்சில் சீனாவின் பிபிஎம் நேர நிலையம் முன்பு இருந்த இடமே தெரியாது. இப்போது ஒவ்வொரு நொடித் துடிப்பும் தனித்தனியாகக் கேட்கிறது. ரேடியோ நியூசிலாந்துச் செய்தியை முழுதாகக் கேட்டேன். மனம் நிறைந்த நன்றி.

அடியில் இருந்த 'கரகர' மட்டும் போகவில்லை. நல்ல வெயிலில் அதிகம், மழை வலுத்ததும் நின்றுவிடுகிறது. இடியின்போது என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

தைப்பிங் பழுதுபார்ப்பவர்

மழையில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் மின்கம்பத்தில் தளர்ந்த ஒரு பொருத்தியோ விரிசல் விட்ட பீங்கானோதான். அந்த இடைவெளியில் பொறி தாவுகிறது. நனைந்ததும் அடங்கிவிடும். பெட்டியைப் பேட்டரியில் வைத்து, தண்டை மட்டும் நீட்டி, தெருவில் கம்பம் கம்பமாக நடந்து கேளுங்கள். அலையெண்ணை உயர்த்த உயர்த்த எந்தக் கம்பத்தடியில் சத்தம் விடாமல் நிற்கிறதோ, அதன் எண்ணைக் குறித்து மின்வாரியத்துக்குப் புகார் கொடுங்கள். கம்பத்தைத் தட்டவோ ஆட்டவோ வேண்டாம்.

இடிக்கு எந்த ஃபெரைட்டும் காப்பு அல்ல. எர்த் கம்பி காற்றில் சேரும் நிலைமின்னை மட்டுமே இறக்கும். நம் பேராக் மாநிலத்தில் பிற்பகல் வானம் இருட்டுவதற்கு முன்பே கேபிளை வானொலியிலிருந்து பிடுங்கி, முனையை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கேட்காத நேரங்களில் அது வெளியிலேயே கிடக்கட்டும். இடி தொடங்கிவிட்டதென்றால் கேபிளைத் தொடவே கூடாது.