புது 5.1 செட்டில் பின் ஸ்பீக்கரிலும் டயலாக் வருது, என்ன செய்யலாம்?

ஜெயந்தி அக்கா (2வது மாடி): ஹால்ல புது 5.1 செட் மாட்டியாச்சு. டிவியோட ப்ளூடூத்ல சேர்ந்திருக்கு. ஆனா முன்னாடி வர்ற அதே சத்தம்தான் பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர்லயும் வருது. நடு ஸ்பீக்கர்ல பாட்டு, டயலாக் எல்லாம் கலந்து கேக்குது. செட்ல கோளாறா? திருப்பிக் கொடுத்துடலாமா?

முபாரக் பாய்: அவசரப்படாதீங்கம்மா. செட்டோட பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அட்டைப்பெட்டில என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க.

ஜெயந்தி அக்கா: 📷
📷

முபாரக் பாய்: எச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கு, அதாவது டிவி சத்தத்தைச் செட்டுக்கு வாங்குற ஓட்டை. ஆப்டிகல் இருக்கு, அட்டைல டால்பி டிஜிட்டல் முத்திரையும் இருக்கு, அது 5.1 சத்தத்தைச் சுருக்கி அனுப்புற முறை. அப்போ அதைப் பிரிச்செடுக்கிற டிகோடர் உள்ளே இருக்கு, செட் நல்ல செட்தான். ப்ளூடூத்ல டிவி அனுப்புறது இடது, வலதுன்னு ரெண்டே சேனல். அந்த ரெண்டைத்தான் செட் அஞ்சு பெட்டிக்கும் பிரிச்சுப் போடுது. ஆக்ஸ் வயர் போட்டாலும் இதேதான் வரும்.

கார்த்தி: அக்கா, 5.1ங்கிறது பெட்டிக் கணக்கு மட்டும் இல்ல. முன் இடது, சென்டர், முன் வலது, சரவுண்ட் இடது, சரவுண்ட் வலதுன்னு அஞ்சு தனித்தனி ட்ராக். புள்ளிக்கு அப்புறம் வர்ற 1, எல்எஃப்இ. வெடி, இடி மாதிரி சத்தத்துக்குன்னு தனியா கலந்து வெச்ச, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ மட்டும் இருக்கிற ட்ராக் அது. இந்த ஆறும் படத்துல இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் பிரிஞ்சே வரணும். வழியில ஒரு இடத்துல ரெண்டாயிடுச்சுன்னா அப்புறம் எத்தனை பெட்டி வெச்சாலும் ஸ்டீரியோதான்.

சுந்தர் (1வது மாடி): 5.1.2ன்னு போட்டிருக்காங்களே, அது?

கார்த்தி: மூணாவது எண், மேல இருந்து சத்தம் வர்ற ஸ்பீக்கர் எண்ணிக்கை. அட்மாஸ்ங்கிற டால்பி முறைக்கு. அக்கா செட்டுக்கு அது வேண்டாம்.

முபாரக் பாய்: ஜெயந்திம்மா, இப்படிச் செய்ங்க. ப்ளூடூத்தைத் துண்டிங்க. டிவில ஏஆர்சின்னோ, அதோட புது வகையான ஈஏஆர்சின்னோ எழுதின எச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணுதான் இருக்கும். அதுல இருந்து செட்டோட ஏஆர்சிக்கு ஒரு கேபிள். மத்த ஓட்டைல சொருகினா சத்தமே வராது. டிவி செட்டிங்ஸ்ல சிஇசி (எச்டிஎம்ஐ வழியா டிவியும் செட்டும் ஒண்ணையொண்ணு கட்டுப்படுத்துற வசதி) ஆன்ல இருக்கணும். சாம்சங்ல அதுக்கு அனிநெட்+ன்னு பேர், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க்.

அடுத்து சவுண்ட் மெனுல டிஜிட்டல் ஆடியோ அவுட்புட். அது பிசிஎம்னு (சுருக்காத சத்தம்) இருந்தா டிவியே 5.1ஐ ரெண்டு சேனலா மடிச்சு அனுப்பிடும். ஆட்டோ இல்லன்னா பாஸ்-த்ரூ (வந்ததை அப்படியே அனுப்புறது) வைங்க. வெச்சதும் சத்தம் நின்னு போச்சுன்னா பயப்பட வேண்டாம். டிவி டால்பி டிஜிட்டல் ப்ளஸ் அனுப்புது, செட்டுக்கு வெறும் டால்பி டிஜிட்டல்தான் புரியும்னு அர்த்தம். மெனுல டால்பி டிஜிட்டல்னே தனியா இருக்கும், அதை எடுங்க.

கார்த்தி: அப்புறம் படத்தோட ஆடியோ ட்ராக். பல படத்துக்குத் தமிழ் டப்பிங் ஸ்டீரியோல மட்டும் இருக்கும், மூல மொழில 5.1 இருக்கும். மொழி மெனுல 5.1ன்னு போட்டிருக்கான்னு பார்த்து எடுங்க.

சுந்தர்: நான் போன மாசம் ஆன்லைன்ல பார்த்த ஒண்ணுல ஏஆர்சி இருக்கு, டால்பின்னு எங்கயும் எழுதல. வாங்கலாமா?

முபாரக் பாய்: வேண்டாம் தம்பி. ஏஆர்சி வழியா பிசிஎம் ஸ்டீரியோ மட்டும் வாங்கிக்கிற செட் நிறைய விக்குது. அஞ்சு பெட்டி, ரெண்டு சேனல். பணத்துக்குக் கேடு. பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்சக் கணக்கு) 5000 வாட்ஸ்னு எழுதியிருந்தா அதையும் நம்பாதீங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கிற சக்தி) கணக்கை மட்டும் பாருங்க. வாட்ஸ் ரெண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு அது கொஞ்சம்தான்.

ஜெயந்தி அக்கா: கேபிள் மாட்டியாச்சு. செட் டிஸ்ப்ளேல டால்பி டின்னு வருது! சென்டர்ல டயலாக் மட்டும் தனியா கேக்குது. ஆனா இப்போ பின்னாடி சத்தமே இல்லாத மாதிரி இருக்கு.

கார்த்தி: அதுதான் சரி அக்கா. ரெண்டு பேர் உக்காந்து பேசுற காட்சில சரவுண்ட் சும்மாதான் இருக்கும். மழை, கூட்டம், பின்னாடி இருந்து வர்ற வண்டி, இதுக்குத்தான் அது. சந்தேகம் இருந்தா 5.1 டெஸ்ட் வீடியோ ஒண்ணை பென்டிரைவ்ல போட்டு ஓட்டுங்க. ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் பேரைத் தானே சொல்லும். டால்பி டிஜிட்டல் ட்ராக் உள்ளதா பார்த்து எடுங்க, டிடிஎஸ்ங்கிற இன்னொரு முறையைப் பல டிவி வெளிய அனுப்பாது. யூடியூப்ல ஓட்டினா பெரும்பாலும் ஸ்டீரியோவாத்தான் வரும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ஆமா, ஸ்பீக்கர்லாம் எங்க வெச்சிருக்கீங்க?

ஜெயந்தி அக்கா: 📷
முன்னாடி ரெண்டும் டிவியை ஒட்டி. பின்னாடி ரெண்டும் சோஃபாவுக்குப் பின் சுவர் மூலைல, மேல.

கார்த்தி: முன்னாடி ரெண்டும் ரொம்ப நெருக்கம். நீங்க உக்கார்ற இடத்துல இருந்து நேர்கோட்டுக்கு 22ல இருந்து 30 டிகிரி விலகி இருக்கணும். 8 அடி தள்ளி உக்காந்தா ரெண்டுக்கும் நடுவுல ஆறரை அடில இருந்து 9 அடி வரைக்கும். 43 இன்ச் டிவியோட அகலமே 3 அடிக்குக் கொஞ்சம்தான் கூட, ஒட்டி வெச்சா இடது வலது பிரிஞ்சு தெரியாது. சரவுண்ட் ரெண்டும் 110ல இருந்து 120 டிகிரி, அதாவது காதுக்குக் கொஞ்சம் பின்னால, காது உயரத்துக்குச் சற்று மேல. உங்க சோஃபா சுவரை ஒட்டியே இருக்கிறதால பக்கச் சுவர்ல காதுக்கு நேரா வைங்க. மூலையும் உச்சியும் வேண்டாம்.

சென்டர் ஷெல்ஃபுக்குள்ள தள்ளி இருக்கு. விளிம்பு வரைக்கும் முன்னால இழுத்து, முகத்தைப் பார்த்து லேசா சாய்ச்சு வைங்க. உள்ள இருந்தா பலகைல பட்டு டயலாக் மந்தமாயிடும்.

முபாரக் பாய்: பின்னாடி வயரை நீட்டி ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுதே?

ஜெயந்தி அக்கா: ஆமா பாய், நீளம் பத்தல. எலெக்ட்ரீஷியன் வீட்ல கிடந்த மெல்லிசு வயரைச் சேர்த்தார்.

முபாரக் பாய்: அதை மாத்திடுங்க. 10 மீட்டர் ஓட்டத்துக்குப் போக, வர 20 மீட்டர் கம்பி ஆகுது. 0.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல அதுக்கு மின்தடை முக்கால் ஓம் கிட்ட வந்துடும். ஸ்பீக்கரே 4 ஓம்தான், சத்தம் அங்கயே குறைஞ்சு போகும். 1.5 ஸ்கொயர் எம்எம் போட்டா கால் ஓம்தான். கடைல வாங்கும்போது முனையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, விட்டுடுங்க.

ஒட்டுப் போட்ட இடத்துல பிளஸ், மைனஸ் மாறியிருந்தா ஒரு ஸ்பீக்கர் வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்கும். பேஸ் காணாம போகும், சத்தம் எங்கிருந்து வருதுன்னே பிடிபடாது. செட்ல இருந்து வயரைக் கழட்டி, 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ஸைச் சிவப்புலயும் மைனஸைக் கறுப்புலயும் ஒரு நொடி தொடுங்க, ஸ்பீக்கர் முன்னாடி இருக்கிற வலையைக் கழட்டிட்டு. உள்ள இருக்கிற கூம்பு (கோன்) வெளிய எகிறினா சரி.

சுந்தர்: அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, நேத்து ராத்திரி எங்க சீலிங் அதிர்ந்துச்சு 🙏

ஜெயந்தி அக்கா: ஐயோ, சாரி சுந்தர். சப்வூஃபர் மூலைல இருக்கு.

கார்த்தி: மூலைல வெச்சா எல்லா பேஸும் ஏறும். 12 அடி நீள ஹால்ல 47 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு முழக்கம் இயல்பாவே உண்டு, மூலை அதை இன்னும் தூண்டும். சப்பை சோஃபா மேலயே வெச்சு பேஸ் ஒரே சீரா ஓடுற பாட்டு ஒண்ணு போடுங்க. குனிஞ்சு சுவரோரமா நகர்ந்து கேளுங்க. எங்க பேஸ் முழங்காம சீரா கேக்குதோ அங்க சப்பைத் தரைல இறக்குங்க. அடில தடிமனான ரப்பர் வெச்சா தரைக்குப் போற அதிர்வு கொஞ்சம் குறையும், முழுசா நிக்காது. ராத்திரி 10க்கு மேல நைட் மோடு போட்டு, சப் லெவலை இறக்கி, சென்டரை மட்டும் 2, 3 டெசிபல் ஏத்திக்கோங்க. வெடிச்சத்தம் அடங்கும், டயலாக் தெளிவா கேக்கும்.

சுந்தர்: நன்றி கார்த்தி. இந்த செட்டோட ஸ்பீக்கரையே பிற்பாடு ஒரு ஏவிஆர்ல (தனியா வாங்குற ஆம்ப்ளிஃபையர் ரிசீவர்) மாட்டிக்கலாமா?

முபாரக் பாய்: கூடாது. இது மாதிரி செட்ல 3, 4 ஓம் ஸ்பீக்கர்தான் வரும். ஏவிஆர்ல பலது 6 ஓமுக்கு மேலதான் கேக்கும். சத்தம் வெச்சா சூடாகி ப்ரொடெக்ஷன்ல நின்னுடும்.

ஜெயந்தி அக்கா: டெஸ்ட் வீடியோ போட்டேன். சரவுண்ட் லெஃப்ட்னு சொல்லும்போது வலது பக்கம் கேக்குது.

முபாரக் பாய்: செட்டுக்குப் பின்னாடி ரெண்டு சரவுண்ட் பிளக்கையும் இடம் மாத்திச் சொருகுங்க. ஆஃப் பண்ணிட்டு.