பெரிய டிஸ்க் மாத்தின பிறகு பிரேக் பெடல் பாதிக்கு மேல இறங்குது, ரெண்டாவது மிதிக்குத்தான் நிக்குது – உதவி வேணும்

கேள்வி (சத்துவாச்சாரி):

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வண்டி 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் உண்டு. ஏலகிரியில இருந்து இறங்கும்போது பாதி மலையிலேயே பேட் கருகுற வாசனை வருது, பெடலும் தளர்ந்துடுது. அதனால முன் பிரேக்கை மட்டும் வீட்லயே பெருசா மாத்தியிருக்கேன்.

போட்டது: அதே கம்பெனி செடானோட முன் டிஸ்க், காலிப்பர் (பேடை டிஸ்க்ல அழுத்துற பாகம்), பிராக்கெட், புது பேட், ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் ரெண்டு. பழைய காலிப்பர் பிஸ்டன் 51 மி.மீ., புதுசு 54 மி.மீ., வெர்னியர்ல அளந்தது. வீல் 15 இஞ்ச், ரிம்ல இடிக்கல. டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி நாலு வீல்லயும் பிரேக் லைன்ல இருந்த ஏர் எடுத்தாச்சு. கடைசியா டியூப்ல குமிழி எதுவும் வரல.

பிரச்சினை: முதல் மிதியில பெடல் பாதிக்கு மேல போகுது. உடனே இன்னொரு தடவை மிதிச்சா மேலயே நிக்குது. எங்கயும் கசிவு இல்ல, ஆயில் டப்பாவில லெவல் குறையல, ஏபிஎஸ் லைட்டும் எரியல. இன்னும் ஏர் இருக்கா? இல்ல, பெடலை மிதிச்சதும் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரையும் பெருசா மாத்தணுமா?

பதில் (காட்பாடி):

தம்பி, முதல்ல ஒண்ணு. இது சரியாகுற வரைக்கும் வண்டி தெருவுக்கு வரக்கூடாது. ரெண்டு தடவை மிதிச்சா நிக்குதேன்னு ஓட்டாதீங்க. குறுக்க ஒரு பைக் வந்தா ரெண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது.

மாஸ்டர் சிலிண்டர் மேல இப்பவே கை வைக்காதீங்க. பைசா செலவில்லாம மூணு சோதனை இருக்கு.

ஒண்ணு, பிளீடர் நிப்பிள் (ஏர் எடுக்கத் திறக்குற மூக்கு) எங்க இருக்குன்னு பாருங்க. காலிப்பர்லயே உயரமான இடத்துல இருக்கணும். இடது காலிப்பரை வலது பக்கம் மாட்டினா போல்ட் எல்லாம் ஒழுங்கா உட்காரும், ஆனா நிப்பிள் கீழ வந்துடும். காத்து மேல தங்கிடும், ஆயில் மட்டும் கீழ வழியா வரும். அஞ்சு லிட்டர் ஊத்தினாலும் டியூப்ல குமிழி தெரியாது, பெடலும் ஏறாது.

ரெண்டு, ஹேண்ட் பிரேக்கை நல்லா இறுக்கி இழுத்துட்டு பெடலை மிதிங்க. முன்னைவிட மேலயே நின்னு கெட்டியாச்சுன்னா குத்தம் முன்னாடி இல்ல, பின் டிரம்ல. லைனர் (டிரம்மை உரசி நிறுத்துற பட்டை) டிரம்மை விட்டுத் தள்ளி நிக்குது, அந்த இடைவெளியை மூடவே முதல் மிதி செலவாகுது.

மூணு, இன்ஜினை ஓடவிட்டு பெடலை ஒரே அழுத்தத்துல ஒரு நிமிஷம் பிடிங்க. கால் மெதுவா கீழ இறங்கிக்கிட்டே போச்சுன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ள சீல் விடுது, இல்லன்னா எங்கயோ கசிவு. இறங்காம ஸ்பிரிங் மாதிரி துள்ளினா காத்து.

மூணுக்கும் என்ன வருதுன்னு எழுதுங்க.

பதில் (வாலாஜா):

ஹோஸ் மாத்தியிருக்கீங்க, அதனால ஒரு வார்த்தை. ஹோஸைக் காலிப்பர்ல பிடிக்கிற பேன்ஜோ போல்ட்டுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு காப்பர் வாஷர், ரெண்டும் புதுசா இருக்கணும். ஒருதரம் நசுங்கின வாஷர் மறுபடி சரியா அமராது. கசியுதேன்னு போல்ட்டை மேல மேல இறுக்கினா நடுவுல ஓட்டை இருக்கிற அந்தப் போல்ட் முறிஞ்சுடும். அப்புறம் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, வீல் தொங்கும்போதும் தரையில நிக்கும்போதும் ஹோஸ் எதுலயாவது உரசுதான்னு பாருங்க. பின்னல் ஹோஸ் உரசினா டயரையே அறுக்கும். ரப்பர் ஹோஸ் மாதிரி கிளாம்ப் போட்டு நசுக்கிச் சோதிக்கவும் கூடாது, உள் குழாய் உடைஞ்சுடும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி அண்ணா. ரெண்டு பக்கமும் நிப்பிள் மேலதான் இருக்கு. ஒரு நிமிஷம் பிடிச்சேன், பெடல் இறங்கல. ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு மிதிச்சா பெடல் நல்லாவே மேல நிக்குது. லிவர் 9 கிளிக் வரைக்கும் வருது. அப்பவும் கடைசியில லேசா ஒரு துள்ளல் இருக்கு. ஆனா டிரம்மை நான் தொடவே இல்லையே, முன்ன ஒழுங்கா இருந்தது இப்ப ஏன்?

பதில் (காட்பாடி):

டிரம் முன்னயும் இப்படித்தான் இருந்திருக்கும், மறைஞ்சு இருந்துது. கணக்கு பாருங்க. 51 பிஸ்டனோட பரப்பு சுமார் 2043 சதுர மி.மீ., 54-க்கு 2290. அதாவது பிஸ்டன் அதே தூரம் நகர இப்ப 12 சதவீதம் அதிக ஆயில் வேணும். அந்த ஆயிலை அதே மாஸ்டர் சிலிண்டர்தான் தள்ளணும், அதனால பெடல் கூடுதலா இறங்குது. பின்னாடி ஏற்கனவே தளர்ச்சி இருந்தா ரெண்டும் சேர்ந்து வெளிய தெரியும்.

டிரம்மைக் கழட்டுங்க. முன் வீலுக்கு முட்டு வச்சு, பின்பக்கம் ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. வெறும் ஜாக்கியை நம்பி உட்காராதீங்க. ஹேண்ட் பிரேக்கை விடுவிச்சு, கேபிள் அட்ஜஸ்டர் நட்டையும் முழுசா தளர்த்துங்க. நிறைய பேர் கேபிளை இறுக்கி லிவரை மேல கொண்டு வந்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. அப்படி இறுக்கினா லைனரை விரிக்கிற லிவர் எப்பவும் பாதி இழுத்த நிலையிலேயே நிக்கும், லைனர் தேயத் தேய இடைவெளியைத் தானா சரிபண்ற செல்ஃப் அட்ஜஸ்டர் வேலையே செய்யாது.

டிரம் வரலன்னா அதுல மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் சேரும். ரெண்டையும் மாத்தி மாத்தி கால் சுத்து இறுக்கினா டிரம் தானா வெளிய தள்ளும். உள்ள தூசியைக் கம்ப்ரஸர் காத்துல ஊதாதீங்க, நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைங்க. ஆயில் அழுத்தத்துல லைனரை விரிக்கிற வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை லேசா விலக்கிப் பாருங்க. ஈரமா இருந்தா சிலிண்டர் மாத்தணும். லைனர்ல ஆயில் ஊறியிருந்தா கழுவிப் பிரயோஜனம் இல்ல, ரெண்டு பக்கமும் செட்டா மாத்துங்க.

செல்ஃப் அட்ஜஸ்டர் ராடைக் கையால சுத்திப் பாருங்க. இந்த மாதிரி தளர்ச்சிக்கு அதோட மரை துருப்பிடிச்சு இறுகிப்போறதுதான் வழக்கமான காரணம். கழட்டி, கம்பி பிரஷ் போட்டு, பிரேக்குக்குன்னு வர்ற கிரீஸ் துளி தடவுங்க. இடது வலது ராடுகளுக்கு மரை எதிரெதிர் திசை, மாத்தி மாட்டிடாதீங்க. டிரம் கையால உள்ள போய், சுத்தும்போது லேசா 'ஸ்ஸ்'னு உரசுற அளவுக்கு விரிங்க. டிரம்மை மாட்டிட்டு பெடலைப் பல தடவை மிதிச்சு லைனரை நடுவுக்குக் கொண்டு வந்த பிறகு, கடைசியாத்தான் கேபிள். மேனுவல் சொல்ற கிளிக் அளவுக்கு வைங்க.

மிச்சம் இருக்கிற துள்ளலுக்கு இன்னொரு தடவை ஏர் எடுங்க. பெடலுக்குக் கீழ ஒரு மரக்கட்டை வச்சு, தரை வரைக்கும் போகாம பாத்துக்கோங்க. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல சீல் வழக்கமா போகாத இடத்துல கசடு படிஞ்சிருக்கும், சீல் அங்க போனா கிழியும். ஒருத்தர் மெதுவா மிதிச்சுப் பிடிக்கணும், இன்னொருத்தர் ரிங் ஸ்பேனர்ல நிப்பிளைத் திறந்து, ஆயில் நின்னதும் மூடணும். மூடின பிறகுதான் காலை எடுக்கணும். திறக்குறதுக்கு முன்ன காலிப்பரை ஸ்க்ரூடிரைவர் பிடியால நாலு தட்டு தட்டுங்க, ஒட்டியிருக்கிற குமிழி மேல வரும். வீல் வரிசை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்படி போங்க.

நடுவுல டப்பா ஒருதரமாவது காலியாச்சா? ஆகியிருந்தா ஏபிஎஸ் யூனிட் உள்ள காத்து போயிருக்கும். அதை ஸ்கேனர் போட்டு வால்வைத் திறந்து மூடித்தான் எடுக்கணும், அதுக்கு சர்வீஸ் சென்டர்தான் வழி.

பதில் (ஆம்பூர்):

மாஸ்டர் சிலிண்டர் கேட்டதுக்குச் சொல்றேன். உதாரணத்துக்கு 13/16 இஞ்ச் இருக்கிற இடத்துல 7/8 இஞ்ச் போட்டா பரப்பு 16 சதவீதம் கூடும். பெடல் இறக்கம் குறையும், ஆனா அதே பிரஷருக்கு 16 சதவீதம் அதிகமா மிதிக்கணும். நீங்க பெரிய பிஸ்டன்ல சம்பாதிச்ச பலத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவீங்க. டிரம் சரியான பிறகும் பெடல் ரொம்பக் கீழ இருந்தா மட்டும் யோசிங்க.

இன்னொரு விஷயம், பார்ட்ஸை பெட்ரோல்லயோ டீசல்லயோ கழுவினீங்களா? பிரேக் ரப்பருக்கு அது விஷம், ஊதிப்போய் பிஸ்டன் திரும்பாது. காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின்னுக்குக் கறுப்பு சேசிஸ் கிரீஸும் வேண்டாம். சிலிக்கான் கிரீஸ் போடுங்க.

கேள்வி கேட்டவர்:

வலது பக்க அட்ஜஸ்டர் ராடு சுத்தவே இல்ல, துரு. சுத்தம் பண்ணி ரெண்டு பக்கமும் விரிச்சாச்சு. லைனர் கனம் போதும், சிலிண்டர் காய்ஞ்சுதான் இருக்கு. டப்பா ஒருதரமும் காலியாகல. மறுபடி ஏர் எடுத்ததுல முன் இடதுல மட்டும் சின்னதா ரெண்டு மூணு குமிழி வந்தது. இப்ப முதல் மிதியிலேயே பெடல் மேல நிக்குது! ஓட்டலாமா? ஏலகிரிக்கு இது போதுமா?

பதில் (திருப்பத்தூர்):

ஏலகிரிக்கு டிஸ்க்கைவிட ஆயிலும் கியரும்தான் முக்கியம் சார். ஆளுங்களோட 1200 கிலோ வண்டி 600 மீட்டர் உயரம் இறங்குதுன்னு வைங்க. வெளிய போக வேண்டிய சக்தி சுமார் 70 லட்சம் ஜூல். 100 கி.மீ. வேகத்துல இருந்து முழுசா நிறுத்துறதை 15 தடவை தொடர்ந்து செஞ்சதுக்குச் சமம். 14 கொண்டை ஊசி வளைவுலயும் மூணாவது நாலாவது கியர்ல பிரேக்கை மட்டும் நம்பி வந்தா அத்தனை சூடும் முன் டிஸ்க்குக்குத்தான் போகும். ரெண்டாவது கியர்ல இறங்கினா பெரும் பங்கை இன்ஜினே பிடிச்சுக்கும். பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும், அவ்வளவுதான். நிக்கிற தூரத்தை முடிவு பண்றது டயர்.

ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-க்குக் குறைஞ்சபட்ச கொதிநிலை புதுசுல 230 டிகிரி, ஈரம் ஏறினா 155. டாட் 5.1-க்கு 260, 180. கொதிச்சா ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தளரும். மலையில உங்களுக்கு நடந்தது இதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க. திறந்த பாட்டில்ல மிச்சம் இருக்கிறதை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்காதீங்க. டாட் 5-னு தனியா ஒண்ணு உண்டு, அது சிலிக்கான். பேர் பக்கத்துல இருக்கேன்னு கலந்துடாதீங்க.

பதில் (காட்பாடி):

ஓட்டலாம், ஆனா புது பேட் இன்னும் டிஸ்க்கோட சேரல. விடியற்காலையில ஆள் இல்லாத நேர் ரோடாப் பாருங்க. ஹைவே சர்வீஸ் ரோடு வேண்டாம், எதிர்ல வண்டி வரும். முதல்ல 20 கி.மீ. வேகத்துல ஒரு தடவை பிடிச்சு, நேரா நிக்குதான்னு பாருங்க. ஒரு பக்கம் இழுத்தா அங்கேயே நிறுத்திடுங்க. சரியா இருந்தா 60-ல இருந்து 15 வரைக்கும் மிதமா பிடிச்சு விடுங்க, இப்படி எட்டு பத்து தடவை. முழுசா நிறுத்தக்கூடாது. சூடா இருக்கும்போது பெடலை மிதிச்சபடி நின்னா பேட் பொருள் ஒரே இடத்துல ஒட்டி, அப்புறம் ஸ்டீயரிங் உதறும். முடிஞ்சதும் பிரேக்கை அதிகம் தொடாம பத்து நிமிஷம் ஓட்டி ஆற விடுங்க. வீட்டுக்கு வந்தும் சூடு தணியற வரைக்கும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு முட்டு வைங்க.

மறுநாள் குளிர்ந்த வண்டியில வீல் நட்டை டார்க் ரெஞ்ச்ல ஒருதரம் சரிபாருங்க. பேன்ஜோ, நிப்பிள் எல்லாத்தையும் வெள்ளைத் துணியால துடைங்க. ஈரம் தெரிஞ்சா எங்கன்னு இங்க எழுதுங்க.