நான்கு மகள்கள் இருந்தும் டியூக் பட்டம் தாயாதிக்குப் போனது: பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களின் வாரிசு விதி மாற வேண்டுமா?

செம்பருத்தி:
1975 ஜனவரியில் 16ஆம் நோர்ஃபோக் டியூக் பெர்னார்ட் இறந்தார். 1483இல் உருவான பட்டம் அது. டியூக் என்பது பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்த படி; ஏர்ல், வைகவுன்ட், பாரன் எல்லாம் அதற்குக் கீழே. இங்கிலாந்தின் டியூக்குகளில் முதல் வரிசை அந்தக் குடும்பத்துக்குத்தான். அவருக்கு நான்கு மகள்கள், மகன் கிடையாது. டியூக் பட்டமும், முடிசூட்டு விழாவை ஏற்பாடு செய்யும் ஏர்ல் மார்ஷல் பதவியும் மூத்த மகள் ஆனுக்கு வரவில்லை. மைல்ஸ் ஃபிட்ஸாலன் ஹாவர்ட் என்ற தாயாதிக்குப் போயின. இத்தனைக்கும் அவர் பெர்னார்டின் சொந்தத் தம்பியோ அண்ணன் மகனோ இல்லை. சில தலைமுறைகள் மேலே ஏறிப் போனால்தான் இருவருக்கும் பொதுவான பாட்டனார் கிடைப்பார்.

பழைய கதை என்று சொல்பவர்களுக்கு 2016ஐ நினைவுபடுத்துகிறேன். ஆறாம் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் இறந்தபோது இரண்டு அக்காக்களைத் தாண்டி, 25 வயது தம்பி ஹியூ ஏழாம் டியூக் ஆனார். அரியணைக்கு மட்டும் 2013இல் சட்டம் போட்டு, மூத்த பிள்ளைதான் வாரிசு, ஆணா பெண்ணா என்று பார்க்கக் கூடாது என்று மாற்றிவிட்டார்கள். பிரபுக் குடும்பங்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? இந்த விதி மாற வேண்டும் என்பது என் கட்சி. மாறக் கூடாது என்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

கல்வெட்டு:
காரணம் சொல்கிறேன். "பிரபுப் பட்டங்களின் விதி" என்று ஒரே ஒரு விதி கிடையாது. ஒவ்வொரு பட்டமும் அரசர் கொடுத்த ஒரு பட்டயத்தில் பிறக்கிறது. யாருக்குப் பின் யார் என்பது அந்தப் பட்டயத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலான பட்டயங்கள் "இவருடைய உடல்வழி ஆண் வாரிசுகளுக்கு" என்கின்றன. சில வேறு மாதிரி சொல்கின்றன.

மவுன்ட்பேட்டனை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் கடைசி வைஸ்ராய். அவருக்கு இரண்டும் மகள்கள். 1947இல் ஏர்ல் பட்டம் கொடுத்தபோதே, ஆண் பிள்ளை இல்லாவிட்டால் மகள்களுக்குப் போகலாம் என்று எழுதினார்கள். 1979 ஆகஸ்டில் அயர்லாந்தின் முல்லக்மோரில் படகில் குண்டு வைத்து அவரைக் கொன்ற பிறகு, அதே படகில் படுகாயமடைந்த மூத்த மகள் பட்ரீஷியா பட்டத்துக்கு வந்தார்.

அதற்கும் முன்பே மார்ல்பரோ டியூக் இருக்கிறார். ஒரே மகனாக மிஞ்சியிருந்த பையன் 1703இல் பெரியம்மையில் இறந்துவிட்டான். 1706இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு, பட்டம் மகள்கள் வழியாகவும் இறங்கலாம் என்றது. 1722இல் தந்தை இறந்ததும் மகள் ஹென்றியெட்டா மார்ல்பரோ சீமாட்டியாகத் தன் சொந்த உரிமையில் அமர்ந்தார்.

ஸ்காட்லாந்தின் பழைய பட்டங்கள் பலவும் மகன் இல்லாதபோது மகளுக்கு இறங்கும். நீங்கள் சொன்ன அதே ஆன், டியூக் பட்டம் கைவிட்டுப் போன அதே 1975இல், தந்தையிடமிருந்து ஹெரிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பட்டத்தைப் பெற்றார். ஆக, இது பெண்களை விரட்டும் ஒரு பொது விதி இல்லை. தனித்தனிப் பட்டயங்கள். எழுதியவர் நினைத்தபடி நடக்கட்டும்.

பனைமரம்:
நான் இரண்டு பேருக்கும் எதிர். பிறப்பால் வரும் உயர்வைப் பெண்ணுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால் அது நியாயமாகிவிடுமா? தானாகத் தேய்ந்து போகிற ஒன்றை ஏன் தூக்கி நிறுத்த வேண்டும்?

அரச குடும்பத்துக்கு வெளியே பரம்பரைப் பிரபுப் பட்டம் கடைசியாக 1984இல் கொடுக்கப்பட்டது, முன்னாள் பிரதமர் மக்மிலனுக்கு. அதற்கு முந்தின ஆண்டு வில்லியம் வைட்லாவுக்கு ஒரு பரம்பரை வைகவுன்ட் பட்டம் கொடுத்தார்கள். அவருக்கும் நான்கு மகள்கள்தான்! 1999இல் அவர் இறந்தார், பட்டமும் முடிந்தது. நியூகாசில் டியூக் பட்டம் 1988இல் முடிந்தது, போர்ட்லாந்து 1990இல். ஆண் வாரிசு விதிதான் இந்தப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. நீங்கள் கேட்கிற மாற்றம் வந்தால் இவை ஒருபோதும் முடியாது.

செம்பருத்தி:
கல்வெட்டு, மவுன்ட்பேட்டன் பட்டயத்தை முழுதாகச் சொல்லுங்கள். மகளுக்குப் போகலாம் என்றது உண்மை. மகளுக்குப் பிறகு? அவளுடைய ஆண் வாரிசுகளுக்கு. 2017இல் பட்ரீஷியா இறந்ததும் மகன் நார்ட்டன் வந்தார். இனி அந்தக் கிளையில் மகன் இருக்கும்வரை மகளுக்கு இடம் இல்லை. ஒரு தலைமுறைக்குக் கதவைத் திறந்து, உடனே சாத்திவிட்டார்கள். பெண்ணை அங்கே உரிமைக்காரியாக நினைக்கவில்லை. அடுத்த ஆண் வரும்வரை பட்டத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆளாகத்தான் நினைத்தார்கள்.

பனைமரம், ஒழிக்க வேண்டும் என்ற உங்கள் கோரிக்கையை மதிக்கிறேன். ஆனால் இது வெறும் அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை. 1999 சட்டம் பரம்பரைப் பிரபுக்களை மேலவையிலிருந்து நீக்கியபோதும் 92 இடங்களை மிச்சம் வைத்தது. சட்டம் இயற்றும் சபையின் 92 இடங்கள்! பட்டங்கள் ஆண்களுக்கே இறங்குவதால் அந்த இடங்களும் ஏறக்குறைய முழுக்க ஆண்களுக்கே போயின. 2020இல் மார் சீமாட்டி ஓய்வு பெற்றபோது அந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட மிஞ்சவில்லை. முழுதாக ஒழியும்வரை பெண்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்றும் சொல்லுங்கள்.

கடலோடி:
ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டம் வேறு, சொத்து வேறு. மேலே எழுதுகிறவர்கள் இரண்டையும் கலக்கிறீர்கள்.

உயில் இல்லாமல் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கே என்ற இங்கிலாந்தின் பழைய விதி 1925 சட்டத்தோடு போய்விட்டது. அப்புறம் நிலம் எப்படி ஒரே கையில் நிற்கிறது என்றால், குடும்பமே எழுதிவைக்கும் அறக்கட்டளைகளும் ஏற்பாடுகளும்தான் காரணம். போர்ட்லாந்து டியூக் குடும்பத்தைப் பாருங்கள். ஏழாம் டியூக் 1977இல் இறந்தார். பட்டம் தூரத்து உறவினருக்குப் போனது, அவருக்குப் பின் அவர் தம்பிக்கு, அதோடு முடிந்தது. ஆனால் வெல்பெக் மாளிகையும் பண்ணையும் மகள் லேடி ஆன் கையில் இருந்தன, 2008இல் அவர் இறக்கும்வரை. அங்கே நிலத்தில் விவசாயம் நடந்ததும் வீடுகளுக்கு வாடகை வசூலானதும் அவர் பெயரில். டியூக் என்று கூப்பிடப்பட்டவருக்கு அந்த மாளிகை இல்லை.

கல்வெட்டு:
கடலோடி சொன்னது முக்கியம். சொத்தை மகளுக்கு எழுத இன்று எந்தத் தடையும் இல்லை. எழுதாத தந்தையிடம் கேளுங்கள், பட்டயத்திடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. "மூத்த பிள்ளைக்கு" என்று ஒரே வரியில் மாற்றிவிட முடியாது. இங்கிலாந்தின் பழைய பாரன் பட்டங்கள் சில பட்டயத்தால் வந்தவை அல்ல, மன்னர் நாடாளுமன்றத்துக்கு அழைத்த அழைப்பாணையால் வந்தவை. அவற்றில் மகன் இல்லாவிட்டால் மகள்கள் எல்லோருக்கும் சம உரிமை, அக்கா தங்கை வித்தியாசம் இல்லை. பட்டத்தை வெட்டிப் பங்கு போட முடியாது என்பதால் அது யாரிடமும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். மற்ற கிளைகள் எல்லாம் அற்று ஒரே கிளை மிஞ்சினால், அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், மீண்டும் உயிர் பெறும். ஸ்ட்ராபோல்கி பட்டம் 1369இலிருந்து 1916வரை இப்படி நின்றது. ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல்! இந்தச் சிக்கலையெல்லாம் ஒரே சட்டத்தில் எப்படி அவிழ்ப்பீர்கள்? 2013இல் லூகாஸ் பிரபு என்பவர், பட்டங்களில் ஆண் பெண் சமத்துவம் கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை.

செம்பருத்தி:
அந்த லூகாஸ் பிரபுவுக்குப் பட்டம் யாரிடமிருந்து வந்தது? தன் அம்மாவிடமிருந்து, 1991இல். தாய்வழியில் வந்த பட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் மற்ற மகள்களுக்காக மசோதா கொண்டுவந்தார்.

நோர்ஃபோக்குக்கும் அதே கதை உண்டு. 1975இல் டியூக் ஆன மைல்ஸ், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு போமான்ட் பாரன் பட்டத்தைப் பெற்றிருந்தார். கொடுத்தது அவர் அம்மா மோனா. மோனாவின் அப்பா 1895இல் துப்பாக்கி விபத்தில் இறந்தார். அவர் இறந்த பிறகு தங்கை ஒருத்தி பிறந்தாள், பட்டம் நீங்கள் சொல்லும் அந்தரத்துக்குப் போனது. மறு ஆண்டே குழந்தை மோனாவுக்கு என்று அரசு முடிவு செய்தது, பட்டம் திரும்பியது. ஆக, அவிழ்க்கவே முடியாத சிக்கல் இல்லை. மனம் இருந்தால் ஒரே ஆண்டில் அவிழ்கிறது. மைல்ஸுக்கு ஒரு பட்டம் பெண் வழியாக வரலாம், இன்னொரு பட்டம் பெண்ணை விலக்கி வரலாம். இரண்டையும் ஒரே மனிதர் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பதைத் தவிர இந்த வித்தியாசத்துக்கு வேறு நியாயம் உண்டா?

கடலோடி:
விவாதத்துக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். நோர்ஃபோக் டியூக்கின் மூத்த மகள் ஆன், குதிரைப் பந்தயப் பயிற்சியாளராகப் பெயர் எடுத்தவர். இங்கிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் கேப்டன் காலின் கவுட்ரியை 1985இல் மணந்தார். கவுட்ரி தென்னிந்தியாவில் பிறந்தவர், தேயிலைத் தோட்டக்காரரின் மகன். ஆன் 2014இல் இறந்தபோது ஹெரிஸ் பட்டம் தங்கை மேரிக்குப் போனது, 2017இல் அவருக்குப் பின் கடைசித் தங்கை ஜேனுக்கு. நான்கு சகோதரிகளில் மூன்று பேர் அடுத்தடுத்து வைத்திருந்த பட்டம். ஒரு குழப்பமும் வரவில்லை.

பனைமரம்:
பெண்களோடு மட்டும் நிற்கவில்லை இந்த விதியின் கொடுமை. ஹேர்வுட் ஏர்ல் குடும்பத்தில் இப்போதைய ஏர்லின் மூத்த மகன் 1978இல் பிறந்தார். பெற்றோர் திருமணம் 1979இல். அதனால் பட்டம் 1980இல் பிறந்த தம்பிக்குத்தான். ஒரே அப்பா, ஒரே அம்மா! தத்துப் பிள்ளைகள் பிரபுவின் பிள்ளை என்ற மரியாதைப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று 2004இல் அனுமதித்தார்கள், பட்டம் மட்டும் கிடையாது. அதே 2004இல் வந்த பாலின அங்கீகாரச் சட்டம், ஒருவர் பாலினத்தை மாற்றிப் பதிந்தாலும் பிரபுப் பட்டம் இறங்கும் வழி மாறாது என்று தனியாக ஒரு பிரிவே எழுதியது.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இதில் மாட்டினார். சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா, பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற முதல் இந்தியர், ஆண்டு 1919. 1928இல் அவர் இறந்த பிறகு மகன் பிரபுக்கள் சபையில் இடம் கேட்டார். இந்துத் திருமணம் பலதார மணத்துக்கு இடம் தருகிறதே, அதில் பிறந்தவர் சட்டப்படி வாரிசா என்று கேள்வி எழுந்தது. மகன் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் ஒருதார மணத்தை வலியுறுத்தும் 'சாதாரண பிரம்ம சமாஜம்' என்ற சீர்திருத்த அமைப்பில் சேர்ந்துவிட்டார்கள் என்று காட்டிய பிறகுதான் 1939இல் ஏற்றுக்கொண்டார்கள். தன் தாய் தந்தையின் கல்யாணத்தை அந்நியர்கள் முன் நிரூபிக்க வேண்டிய நிலை. செம்பருத்தி, நீங்கள் மகள்களை உள்ளே சேர்த்தாலும் இந்த வாசல் காவல் அப்படியே இருக்கும். அதனால்தான் மொத்தமாக வேண்டாம் என்கிறேன்.

கல்வெட்டு:
வரம்பு இல்லாத வாரிசுரிமை எங்கும் கிடையாது. ஏதோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ரத்த வழி என்பது தெளிவான கோடு. ஸ்டிச்சில் பிரிங்கிள் வழக்கு அதைக் காட்டியது. பாரனெட் பட்டம், பிரபுப் பட்டத்துக்கு ஒரு படி கீழே. 1683இல் கொடுக்கப்பட்டது. பத்தாம் பாரனெட் 2013இல் இறந்த பிறகு அவர் மகனும் இன்னொரு கிளையைச் சேர்ந்த உறவினரும் உரிமை கேட்டார்கள். மரபணுச் சோதனை என்ன சொன்னது என்றால், ஒன்பதாம் பாரனெட் எட்டாமவரின் மகனே இல்லை. 2016இல் பிரிவி கவுன்சில் நீதிபதிகள் அதை ஏற்று, பட்டம் மற்றக் கிளைக்கே என்றார்கள். பட்டயம் சொன்னது நடந்தது.

செம்பருத்தி:
அந்த வழக்கு உங்கள் வாதத்துக்கு உதவவில்லை, கல்வெட்டு. ஒன்பதாமவரும் பத்தாமவரும் வாழ்நாள் முழுக்கப் பாரனெட் என்று அழைக்கப்பட்டார்கள். பட்டயம் சொன்ன ரத்தம் அவர்களிடம் இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ஆண் வழி என்பது அவ்வளவு தெளிவான கோடா? சந்தேகமே இல்லாமல் ரத்தம் உள்ள மகள்கள் எத்தனை வீடுகளில் ஓரமாக நின்றிருப்பார்கள்!

எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆண் வாரிசின் உரிமையைப் பறிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பறிக்க வேண்டாம். அரியணைக்குச் செய்ததைப் போலச் செய்யலாம். 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும் புதிய விதி என்றார்கள். அந்த நாளுக்கு முன்பே பிறந்து வரிசையில் நின்ற எந்த மகனும் தன் அக்காவிடம் இடத்தை இழக்கவில்லை. 2018இல் தம்பி லூயி பிறந்தபோது இளவரசி சார்லட் தன் இடத்தில் அப்படியே இருந்தார். நாடு நிலைகுலையவில்லை.

கல்வெட்டு:
அரியணை ஒன்றே ஒன்று, அது நாட்டின் பதவி. நாடாளுமன்றம் அதைத் தொடலாம். பட்டங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு அரசர் தந்த வாக்கு. வேண்டுமானால் மார்ல்பரோவுக்குச் செய்ததைப் போல, கேட்கிற குடும்பத்துக்குத் தனிச் சட்டம் போடுங்கள். கேட்காதவர் மேல் திணிக்காதீர்கள். இதில் நான் மாறப் போவதில்லை.

செம்பருத்தி:
1706இல் மார்ல்பரோவுக்காக நாடாளுமன்றம் ஏன் அசைந்தது? 1704இல் பிளென்ஹைமில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்துவிட்டு வந்த தளபதி அவர். அவர் மனைவி சாரா, ராணி ஆனுக்கு நெருங்கிய தோழி. கேட்டதும் கிடைத்தது. குடும்பம் கேட்டால் தரலாம் என்கிறீர்கள். குடும்பத்தில் கேட்கும் இடத்தில் இருப்பது யார்? பட்டம் வைத்திருக்கும் அப்பாவும், அடுத்து வரப்போகும் மகனும்தான். மகள் எந்த வாசலில் போய்க் கேட்பாள்?