அக்கா இரவிரவாகப் படம் கீறுகிறா: விடுவதா, தடுப்பதா?

திருக்கோவில்_தங்கச்சி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இலங்கையின் கிழக்குக் கரையில் திருக்கோவில் பக்கம். அத்தான் போன வருஷம் கடலுக்குப் போன இடத்தில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா ஆட்களோடு கதைப்பதே குறைவு. சமைப்பா, பிள்ளையை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கூடம் அனுப்புவா, எதைக் கேட்டாலும் ஓம், இல்லை என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான்.

இப்ப கொஞ்ச நாளாக, பிள்ளை நித்திரையான பிறகு அவனுடைய கலர் பென்சிலை எடுத்துப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் கீறுகிறா. எல்லாத் தாளிலும் ஒரே வள்ளம்தான், கரையில் கவிழ்த்துப் போட்டது. ஒன்றில் முன்னுக்கு நின்று பார்த்த மாதிரி, இன்னொன்றில் மேலே இருந்து, இன்னொன்றில் வள்ளமே இல்லை, மணலில் விழுந்த அதன் நிழல் மட்டும். முந்தி வாசலில் கோலம் போடவே என்னைத்தான் கூப்பிடுவா, அப்படிப்பட்ட ஆள்.

அம்மாவுக்குப் பயம். விளக்கு வைக்கிற வீட்டில் இது என்ன தரித்திரம் என்று பென்சில் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. மாமி கோயிலில் பார்வை பார்க்கச் சொல்கிறா. இன்னொரு பக்கம், ஊரில் கண்காட்சி செய்கிற தம்பி ஒருவருக்கு நான் போனில் ரெண்டு படம் காட்டினேன், அவர் இதைக் கட்டாயம் வைக்கவேணும், அக்காவுடைய கதையையும் எழுதிப் போடுவோம், அவவுக்கும் ஒரு தைரியம் வரும் என்று விடாமல் கேட்கிறார்.

இப்படிக் கீறுவது அவவுக்கு ஆறுதலா, இல்லாட்டி அந்தத் துக்கத்துக்குள்ளேயே இன்னும் இறங்குகிறாவா? கண்காட்சிக்குக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிந்தவூர்_ராத்தா:

தங்கச்சி, முதல் வேலையாக அந்த அலுமாரித் திறப்பை வாங்குங்க. மற்றதெல்லாம் பிறகு.

சுனாமியில் எங்கட பெரியம்மா பெற்ற பிள்ளையைக் குடுத்தவ. முகாமில் இருந்த காலம் முழுக்க அழவும் இல்லை, கதைக்கவும் இல்லை. வீடு கிடைத்து வந்த பிறகு ஒருநாள் பன், அதுதான் பாய் இழைக்கிற புல், வாங்கிக்கொண்டு வந்து காயப்போட்டு, சாயத் தண்ணியில் அவித்துப் பாய் இழைக்கத் தொடங்கினா. சிவப்பும் பச்சையும் வைத்து இழைப்பா, கடைசியில் ஓரம் கட்டி முடிக்காமல் அப்படியே சுவரோடு சாத்திவிட்டு அடுத்த பாயைத் தொடங்குவா. பார்க்கிற எங்களுக்கு நெஞ்சு பதறும். ஏன் முடிக்கவில்லை என்று யாரும் கேட்கக்கூடாது என்று உம்மா சொல்லிவைத்திருந்தா. நாங்களும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் தன்ட பன்னையும் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் குந்தினா. ஆறுதல் சொல்ல வரவில்லை, தன்ட பாயை இழைத்தா, அவ்வளவுதான். இப்படியே நாள் போய்த்தான், ஒருநாள் பின்னேரம் பெரியம்மா வாயில் பழைய கவி ஒன்று வந்தது. முணுமுணுப்புத்தான், மாமி அடுத்த அடியை எடுத்துக் குடுத்தா. துக்கம் ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், பெற்ற பிள்ளை. ஆனால் அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்கு, மௌத்து வீட்டுக்குப் போக வரத் தொடங்கினா, ஆட்கள் பாய் கேட்டு வந்தால் விலை பேசினா, குறைத்துக் கேட்டவரைத் திருப்பி அனுப்பினா. அந்தக் குரலைக் கேட்டு உம்மா குசினிக்குள் நின்று அழுதது எனக்கு இப்பவும் நினைவு.

நீங்களும் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வேலையோடு போய் இருங்க. தையல், மரக்கறி வெட்டுறது, எதுவானாலும் சரி. படத்தைப் பற்றிக் கேள்வி வேண்டாம்.

உளவளத்துணை_மட்டு:

ராத்தா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, ஆனால் "இறங்குகிறாவா" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலில் இருப்பவள்.

எங்கள் பக்கத்தில் இது புதிய விஷயம் இல்லை. 1996இல், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, போல் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும் இயேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வளவுக்குள் களிமண் பிசைந்து, வர்ணம் பூசி, கதை கட்டி விளையாடினார்கள். உனக்கு என்ன நடந்தது என்று தோண்டிக் கேட்காமல் முதலில் கைக்கு வேலை கொடுப்பது, இதைத்தான் நாங்கள் இன்றைக்கும் செய்யப் பார்க்கிறோம்.

கோலம்கூடப் போடாத ஆள் என்று எழுதியிருந்தீர்கள். 2016இல் அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், பேனை, படம் வெட்டி ஒட்டுவது என்று விரும்பியதைச் செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் பார்த்தார்கள், மனஅழுத்தத்தில் கூடுகிற ஹோர்மோன் அது. முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பு கீறிப் பழகியவரா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் கைத்திறன் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய மருந்து இது இல்லை என்பதை நாங்களும் தினம் பார்க்கிறோம்.

கீறி முடித்துவிட்டு அழுதால் பயப்படவேண்டாம். 1986இல் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் மனதை நொறுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்குக் கவலை கூடித்தான் இருந்தது. பிந்திய மாதங்களில் சுகவீனம் என்று வைத்தியரிடம் போனது, சும்மா விஷயம் எழுதியவர்களைவிடக் குறைந்தது.

நான் கவனிப்பது, படம் அசைகிறதா என்பதை. முன்பக்கம், மேல்பக்கம், பிறகு நிழல் மட்டும் என்று உங்கள் அக்கா அந்த வள்ளத்தைச் சுற்றி வருகிறா. அது எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது, நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லமாட்டேன். ஒரே கோட்டை ஒரே மாதிரி அழுத்தி அழுத்திக் கீறி, சாப்பாடு குறைந்து, விடியும்வரை நித்திரை இல்லாமல், பிள்ளையைக் கவனிக்கவும் முடியாமல் போனால், இல்லாட்டி "நானும் போயிருக்கலாம்" என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். கிட்ட எங்கே கிளினிக் நடக்கிறது என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மத்தளக்காரன்:

கண்காட்சி வேண்டாம், இப்ப வேண்டவே வேண்டாம். போனில் காட்டியதை முதலில் அக்காவுக்குச் சொல்லுங்கள், தங்கச்சி. அவவுடைய படம் அவவுக்குத் தெரியாமல் ஊர் சுற்றினால் அடுத்த தாளைத் தொடவே மாட்டா. "அவவுக்குத் தைரியம் வரும்" என்று மற்றவர்கள் முடிவெடுத்துக் கொடுக்கிற தைரியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் கூத்துக்காரன். அவரவர் பாட்டை எழுதிக் கொடுத்து (அதைச் சட்டம் கொடுப்பது என்போம்), மாதக்கணக்காகப் பழகி, சதங்கை கட்டித்தான் களரிக்கு, கூத்து ஆடுகிற இடத்துக்கு, வருவோம். களரியில் ஒருவன் அழுகைப் பாட்டுப் பாடினால் அவன் தனியப் பாடுவதில்லை, பின்னால் நிற்கிற பிற்பாட்டுக்காரர் அந்த அடியைத் திரும்ப எடுப்பார்கள், அதற்குள் அவன் மூச்சு வாங்கிக்கொள்வான். மனைவியை இழந்த ஒருவர் எங்களோடு ஆடியிருக்கிறார். வீட்டில் ஒரு துளி கண்ணீர் விடாதவர், அரசனுக்கு வந்த துன்பத்தைப் பாடும்போது குரல் உடைந்து நின்றார், நாங்கள் அந்த அடியை விடாமல் எடுத்துப் பாடிக்கொண்டே நின்றோம், அவர் திரும்ப வந்து சேர்ந்தார். முந்தி பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள், இப்ப மட்டக்களப்பில் பெண்களே சதங்கை கட்டி ஆடுகிறார்கள். அவர்கள் களரியால் இறங்கி நடக்கிற நடையைப் பாருங்கள், நான் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அம்மாவோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம். உளவியல், சிகிச்சை என்று தொடங்கினால் இன்னும் பயப்படுவா. நீங்கள் தம்பிலுவில் அம்மனுக்குப் பக்கத்து ஊர். புருஷனைப் பறிகொடுத்துக் கொதித்து நின்ற கண்ணகிக்கு வைகாசியில் ஊரே கூடிக் குளிர்த்தி பாடுகிறது. அம்மாவும் அந்தச் சடங்கில் நின்றிருப்பா. அம்மன் கொதித்ததைத் தரித்திரம் என்று யாராவது சொல்கிறோமா? பாட்டுப் பாடித்தானே ஆற்றுகிறோம். அக்காவுக்கும் அப்படி ஆறட்டும் அம்மா என்று கேளுங்கள். அவவுக்கு விளங்கும்.

கொக்கட்டிச்சோலை_அம்மா:

எல்லாம் சரி. நானும் புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்த்தவள் என்பதால் ஒன்று சொல்லவேணும். சுனாமிக்குப் பிறகு எங்களை ஒரு மண்டபத்தில் இருத்திப் படம் கீறவைத்தார்கள், அழுதோம், அதைப் போட்டோ எடுத்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள், படங்களையும் கொண்டுபோய்விட்டார்கள். யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றைக்குவரை தெரியாது. என்னுடைய படத்தில் எங்கட பழைய வீடு இருந்தது. அதனால்தான் மத்தளக்காரர் தம்பி சொன்னதற்கு நான் ரெண்டு கையும் தூக்குகிறேன். கீறினது அக்காவுடைய அலுமாரியில், அக்காவிடம் திறப்பு இருக்கிற அலுமாரியில் இருக்கட்டும்.

அடுத்தது, லோன் கட்டவேணும், பிள்ளைக்குக் கொப்பி வாங்கவேணும். படம் அதைத் தராது. என்னை நிமிர்த்தியது பனையோலை வேலை, ஏனென்றால் பெட்டி பின்னும்போது மனமும் ஒரு இடத்தில் நின்றது, சந்தையில் நான் சொன்ன விலைக்குக் காசும் வந்தது. அதற்காக அக்கா படத்தை விற்கவேணும் என்று சொல்லவில்லை, அந்த வள்ளத்தை விற்கக்கூடாது. உழைப்புக்கு வேறொரு கைவேலை பாருங்கள், கொஞ்சம் ஆறின பிறகு, அவவையே கேட்டு.

திருக்கோவில்_தங்கச்சி:

எல்லோருக்கும் நன்றி. குளிர்த்தியைச் சொன்னதும் அம்மா ஒன்றும் பேசவில்லை, ஆனால் திறப்பைத் தந்துவிட்டா. போனில் காட்டியதை அக்காவிடம் சொன்னேன். கோபப்பட்டா. நிறைய நாளைக்குப் பிறகு என்னோடு இவ்வளவு நீளமாகக் கதைத்தது அந்தக் கோபத்தில்தான். தம்பியிடம் இல்லை என்று சொல்லியாயிற்று. ஒரு கேள்வி, நல்ல தாளும் கலரும் வாங்கிக் கொடுக்கலாமா? அவ கேட்கவில்லை.

உளவளத்துணை_மட்டு:

வாங்குங்கள், ஆனால் கொடுக்காமல் பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒரு ட்ரோயிங் கொப்பி, பாஸ்டல் பெட்டி போதும், விலை கூடினதாக எடுத்தால் பழுதாக்கிவிடுவோம் என்ற பயம் வரும். கலண்டர் தாளையும் எறியவேண்டாம், அவ அதிலேயே கீற விரும்பலாம். கோபப்பட்டது நல்லது. அடுத்த கிழமை எப்படி இருக்கிறா என்று இங்கே எழுதுங்கள், நித்திரை எப்படி என்பதையும் சேர்த்து.