வீட்டில் மெட்டல் கிதார் பதிவு: ஆம்பும் மைக்குமா, இன்டர்ஃபேஸும் பிளகினுமா?

டிராப்சி_மதுரை
எல்லீஸ் நகர் ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாம் மாடி, ஒரு சின்ன அறை. கிதார் இருக்கிறது, பிக்கப் இரண்டும் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் வகை). கையில் 25,000 ரூபாய். டிராப் சி-யில், அதாவது ஆறாவது கம்பியை சி வரை இறக்கிய சுதியில், ரிதம் பதிவு செய்ய வேண்டும். கடையில் 15 வாட் ஆம்பும் ஒரு மைக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். நண்பன், கிதாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றே போதும், ஆம்ப் ஒலியை பிளகின் என்ற மென்பொருளே தரும் என்கிறான். எதை வாங்கலாம்?

வால்வுராசா
ஆம்ப்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். ஸ்பீக்கர் முன்னால் ஷூர் எஸ்எம்57-ஐ வைத்துப் பார். 1965-இல் வந்த மைக், இன்றைக்கும் பெரிய ஸ்டூடியோக்களில் கிதாருக்கு முதலில் கை போவது அதற்குத்தான். கூம்பின் நடுவில் வைத்தால் காதைக் கிழிக்கும், விளிம்புப் பக்கம் போகப் போக மந்தமாகும். ஒரு விரல் அகலம் நகர்த்தினாலே ஒலி வேறாகிவிடும். அந்தக் காது மவுஸை உருட்டினால் வராது.

ஆறாம்கம்பி
அண்ணே, அந்த மைக்கை எதில் செருகுவது? அதற்கும் இன்டர்ஃபேஸ் வேண்டும். 25,000-ஐ மூன்றாகப் பிரித்தால் மூன்றுமே சொத்தையாகத்தான் அமையும்.

அடுத்து, 15 வாட் ஆம்பில் இருப்பது பெரும்பாலும் 8 அங்குல ஸ்பீக்கர். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி) அடிக்கும்போது 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் அந்த இடி சின்னப் பெட்டியில் பிறக்காது. தம்பி கேட்டு வளர்ந்த ஆல்பங்களில் இருப்பது நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட கேபினெட். அதை எல்லீஸ் நகர் மாடியில் வைத்து வாசித்தால் அசோசியேஷன் கூட்டம் கூடிவிடும்.

நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளகின் இலவசம். நிஜ ஆம்புக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, அது எப்படி மாறி வருகிறது என்று கணினிக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு ஐஆர் கோப்பு, அதாவது கேபினெட்டும் மைக்கும் சேர்ந்து தரும் ஒலியின் பதிவு. ஐஆர் போடாமல் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் “பிளகின் தேனீக் கூட்டம் மாதிரி இரைகிறது” என்று ஓடுகிறார்கள்.

வால்வுராசா
எல்லாம் சரி, வாசித்த ஒலி கணினி வழியாகக் காதுக்கு வரும் தாமதத்தைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை? பழைய லேப்டாப்பில் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளை) 512-இல் வைத்தால்தான் சத்தம் வெட்டாமல் ஓடும். 48 கிலோஹெர்ட்ஸில் அதுவே கிட்டத்தட்ட 11 மில்லிசெகண்டு. போகிறதுக்கும் வருகிறதுக்கும் சேர்த்தால் இரட்டிப்பு. கம்பியைக் கீழ்நோக்கி மட்டுமே அடிக்கும் வேகமான டவுன்பிக்கிங்கில் கை ஓரிடம், சத்தம் ஓரிடம்.

ஆறாம்கம்பி
128-க்கு இறக்கினால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்டுதான். மேடையில் ஆம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றாலே ஒலி காதுக்கு வர 9 ஆகிறது, அதில் யாரும் தடுமாறுவதில்லை. இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கரண்டுக்காரன்
இரண்டு பேரும் ஒலியைப் பேசுகிறீர்கள், மின்சாரத்தை யாரும் கேட்கவில்லை. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. லேப்டாப் சார்ஜரைச் செருகிக்கொண்டு கிதார் கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கடிக்கிறதா? அதுதான் அடையாளம். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் குறையும் என்று யாராவது பிளக்கின் மூன்றாவது காலை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

அடுத்தது ஃபேன் ரெகுலேட்டர். திருகு மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சில எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களின் இரைச்சல் பிக்கப்பில் அப்படியே ஏறும். ஹம்பக்கர் 50 ஹெர்ட்ஸ் ஹம்மைப் பெருமளவு அடக்கும், இந்தக் கரகரப்பை முழுதாக அடக்காது. முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆறாம்கம்பி
இது என் கட்சிக்குத்தான் சாதகம். நேரடியாகச் செருகினால் ஃபேனை முழு வேகத்தில் ஓட விட்டே வாசிக்கலாம். மைக் வைத்தால் கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்த வேண்டும்.

வால்வுராசா
டிஸ்டார்ஷன் கிதாருக்கு ஒட்டி வைத்த மைக்கில் ஃபேன் சத்தமா கேட்கும்? சும்மா பயமுறுத்தாதே.

ஆறாம்கம்பி
நீங்கள் வைக்கும் வால்யூமில் கேட்காதுதான். பக்கத்து வீட்டுக்குப் பயந்து வால்யூமை ஒன்றில் வைத்தால் ரிஃபின் இடைவெளிகளில் எல்லாம் கேட்கும்.

டிராப்சி_மதுரை
லேப்டாப் ஐ3, 8 ஜிபி. ஓடுமா? அப்புறம், ஒரு தடவை வாசித்துவிட்டு அதையே காப்பி எடுத்து இடம் வலமாக வைத்தால் அகலமாகக் கேட்குமா?

ஆறாம்கம்பி
ஓடும். ஒரு ஆம்ப் மாடல், ஒரு ஐஆர் என்று சிக்கனமாக வை.

காப்பி வேலைக்கு ஆகாது. இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் காது அதை நடுவில் வைத்துத்தான் கேட்கும், சத்தம் மட்டும் கூடும். இரண்டு தடவை வாசி. கைக்குக் கை வரும் அந்தச் சின்ன வித்தியாசம்தான் அகலம். கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) நினைப்பதைவிடக் குறைத்து வை, இரண்டு டிராக் சேரும்போது தானாகக் கனத்துவிடும். ஆம்ப் மாடலுக்கு முன்னால் டியூப் ஸ்கிரீமர் வகைப் பெடல், டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க. அடிப்பக்கக் கொழகொழப்பு போய்விடும். கடைசியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, அது பேஸ் கிதாரின் இடம்.

இதற்கெல்லாம் முன்னால் கம்பியைப் பார். 10–46 தடிமன் செட்டில் டிராப் சி வைத்தால் ஆறாவது கம்பி கொடிக்கயிறாகத் தொங்கும், அழுத்தி அடித்ததும் சுதி ஏறி இறங்கும். 11–54 அல்லது 12–56 போடு, இன்டொனேஷனை, அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுதி சரியாக நிற்கிறதா என்று, சரிபார். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ பொத்தானை அழுத்த மறக்காதே, இல்லாவிட்டால் ஒலி மங்கும். உச்சம் –6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். கிளீன் டிஐ கோப்பை, அதாவது பிளகின் ஒலி சேராத நேரடிக் கிதார் பதிவை, எப்போதும் பத்திரமாக வை.

வால்வுராசா
கம்பி விஷயத்தில் அவன் சொல்வதைக் கேள். மற்றதில் நான் இறங்கி வருவதாக இல்லை. ஹெட்போனில் வாசிக்கிறவனுக்கு ஸ்பீக்கர் முன்னால் நின்று ஃபீட்பேக்கை இழுத்துப் பிடிக்க எப்போது வரும்?

சரி, டிஐ வைத்திருக்கிறாய் அல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனையூருக்கு எடுத்து வா. ரீஆம்ப் பெட்டி இருக்கிறது, அதன் வழியாக அந்தப் பதிவை என் வால்வு ஆம்புக்குள் அனுப்பி, மைக் வைத்து எடுத்துத் தருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீயே கேள். இந்த ஆறாம்கம்பியையும் கூட்டி வா. 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 கொண்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.