இஞ்சி பீர் பாட்டில் வெடித்துவிட்டது, எங்கே தப்பு நடந்தது?

கருங்கல்காரன்

வணக்கம் மக்களே. கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். வழக்கமான போஞ்சிக்கு (எலுமிச்சை ஜூஸ்) பதிலாக இந்த வருஷம் இஞ்சி பீர் வைக்கலாம் என்று இரண்டு மாதம் முன்பே சோதனை ஆரம்பித்தேன். முதல் தடவையே இப்படி ஆகிவிட்டது.

செய்த முறையை முழுதாகச் சொல்கிறேன். திங்கள் சந்தையில் மண் ஒட்டிய நாட்டு இஞ்சி வாங்கி, தோல் சீவாமல் துருவி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சீனி, கொஞ்சம் தண்ணீர் என்று 5 நாள் போட்டேன். மூன்றாம் நாளே நுரை பொங்கியது, ஆனால் வீடியோவில் 5 நாள் என்று சொன்னதால் காத்திருந்தேன். பிறகு 5 லிட்டர் தண்ணீரில் கால் கிலோ இஞ்சியும் அரை கிலோ கருப்பட்டியும் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி, அந்த நுரைத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, கரண்டியால் மொண்டு 10 பாட்டிலில் அடைத்தேன். ஆறு கம்பிப் பூட்டு வைத்த பாட்டில், நாலு பழைய ஸ்குவாஷ் பாட்டில். அடுக்களைப் பரணில் வைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு இரண்டு ஸ்குவாஷ் பாட்டில் வெடித்தது. கண்ணாடித் துண்டு அரிசி டிரம் வரைக்கும் போயிருந்தது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை என்பதே பெரிய காரியம். காலையில் அம்மா மற்ற பாட்டில்களைத் தொடவே விடவில்லை, நான்தான் கனமான சாக்கு சுற்றி முற்றத்தில் வைத்துத் திறந்தேன். நாலு பாட்டில் பாதிக்கு மேல் பொங்கி வெளியே போனது. இரண்டில் சுமாரான கேஸ். இரண்டில் ஒன்றுமே இல்லை, வெறும் இஞ்சித் தண்ணீர்.

ஒரே பானையில் காய்ச்சியது எப்படி மூன்று விதமாக ஆகும்? எந்தப் பாட்டில் வாங்க வேண்டும், எப்போது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்? இன்னொன்று, அக்கானியையே, அதாவது பதநீரையே, நேரடியாக வைத்துச் செய்ய முடியுமா? இது பழகிவிட்டால் கோதுமை வைத்து நிஜ பீரும் வீட்டில் காய்ச்சிப் பார்க்க ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்காட்டுப் பேத்தி

தம்பி, யாருக்கும் காயம் இல்லை என்பதைப் படித்த பிறகுதான் மேலே படித்தேன்.

என் தாத்தா பனையேறி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி, தடவாமல் கட்டினால் கள். அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் விடியும்போதே புளித்த வாசம் வந்துவிடும் என்பார். நம் ஊர் வெக்கையில் ஒரு ராத்திரியே போதும் என்பதை அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் பார்த்த வீடியோ குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்ததாக இருக்கும், அவர்கள் அடுக்களை 18, 20 டிகிரி. உங்கள் பரண், அதுவும் அடுப்புக்கு மேலே என்றால், 32க்குக் குறையாது. நுரை மூன்றாம் நாள் பொங்கியபோதே அது தயார்.

அக்கானியில் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். சுண்ணாம்பு இருந்தால் புளிக்க வைக்கும் ஈஸ்ட் சரியாக வேலை செய்யாது, சுண்ணாம்பைத் தெளிய வைத்து நீக்கினால் அது கள்ளாகத்தான் மாறும். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை. களியக்காவிளை தாண்டினால் கள்ளுக்கடை உண்டு, இங்கே கிடையாது. கருப்பட்டியே போதும், ஆனால் பாகை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், அடியில் மண்ணும் சுண்ணாம்பும் நிற்கும். கடைசியில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் ருசியும் தூக்கும், வேண்டாத கிருமியும் சீக்கிரம் அண்டாது.

லீட்ஸ் குளச்சல்காரர்

என் வீட்டுக்காரி இங்கே நர்ஸ், நாங்கள் வந்து 9 வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது பீர் காய்ச்சப் பழகினேன். பிரிட்டனில் 1963லிருந்து சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம். உங்கள் இஞ்சி பீர்கூட 18ஆம் நூற்றாண்டில் இந்த யார்க்‌ஷயர் பக்கம் ஆரம்பித்தது என்றுதான் இங்கே சொல்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கேஸ் கணக்கு. ஒரு லிட்டர் பானத்தில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் 1 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 4 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய 1 மடங்கு கேஸ் வரும். கடையில் விற்கும் கூல்டிரிங்ஸில் மூன்றரை, நாலு மடங்கு இருக்கும். சாதாரண பீர் பாட்டில் 3 மடங்கு வரைக்கும்தான் நம்பிக்கையாகத் தாங்கும். நீங்கள் லிட்டருக்கு 100 கிராம் கருப்பட்டி போட்டு அப்படியே அடைத்திருக்கிறீர்கள். கருப்பட்டி முழுவதும் சீனி இல்லை என்று கழித்துப் பார்த்தாலும், அத்தனையும் புளித்தால் 20 மடங்குக்குக் குறையாது. எந்தக் கண்ணாடியும் தாங்காது. எட்டு பாட்டில் தப்பியதற்குக் காரணம் மூன்றாம் நாளே நீங்கள் திறந்ததுதான். ஸ்குவாஷ் பாட்டில் கேஸ் தாங்குவதற்காகச் செய்ததே இல்லை, கண்ணாடி மெல்லிசு, சதுர மூலை வேறு. அதை இந்த வேலைக்கு இனி எடுக்கவே கூடாது.

பீர் காய்ச்சுகிறவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். முதலில் பெரிய வாளியில் சீனி எல்லாம் தீரும்வரை புளிக்க விடுவோம். ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடி மிதவை உண்டு, அதைப் போட்டால் தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தி தெரியும். தொடக்கத்தில் 1.050 காட்டியது 1.010க்கு வந்து, இரண்டு மூன்று நாள் அசையாமல் அங்கேயே நின்றால் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம்தான், எடை போட்ட சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி ஆற்றி, மொத்த பீரிலும் மெதுவாகக் கலந்து, பாட்டிலில் அடைப்போம். எவ்வளவு கேஸ் வரும் என்பது அடைக்கும்போதே நம் கையில் இருக்கும்.

பீரின் வகையைப் பொறுத்து அந்தச் சீனி மாறும். 20 டிகிரியில் புளித்த பீரில் ஏற்கெனவே 0.85 மடங்கு போல கேஸ் நிற்கும், அதைக் கழித்துத்தான் கணக்கு. பிட்டர் என்ற இந்த ஊர்க் கசப்பு பீருக்கு 2 மடங்கு போதும், 20 லிட்டருக்கு 92 கிராம் சீனி. ஸ்டவுட் என்ற கறுப்பு பீரும் கிட்டத்தட்ட அப்படித்தான், கேஸ் கூடினால் அந்த வறுத்த காபி ருசி கெட்டுவிடும். குளிரில் புளிக்கும் லாகர் பீருக்கு இரண்டரை மடங்கு, 132 கிராம். ஜெர்மன் கோதுமை பீர் மூன்றரை மடங்கு கேட்கும், 212 கிராம், அதற்குத் தடித்த பாட்டில்தான். இந்த எடையில் 50 கிராம் கூடினாலே வித்தியாசம் தெரியும், அதனால் ஸ்பூனில் அளக்காதீர்கள், தராசு வாங்குங்கள்.

அடுத்தது, ஏன் மூன்று விதம் என்ற கேள்வி. நீங்கள் மேலிருந்து மொண்டு ஊற்றினீர்கள். இனிப்பு எல்லாப் பாட்டிலிலும் ஒன்றுதான், ஈஸ்ட் ஒன்று இல்லை. அடியில் தங்கிய வண்டலும் இஞ்சித் திப்பியும் கடைசிப் பாட்டில்களில் போயிருக்கும், அவை வேகமாகப் புளித்தன, திறந்ததும் அந்தத் திப்பியைப் பிடித்துக்கொண்டு கேஸ் ஒரேயடியாகப் பொங்கியது. ஒன்றுமே வராத இரண்டும் கம்பிப் பூட்டுதானே? ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா பாருங்கள்.

கருங்கல்காரன்

அண்ணா, மிக்க நன்றி. வளையத்தை இப்போதுதான் பார்த்தேன், இரண்டிலும் விரிசல். ஸ்குவாஷ் பாட்டிலில் கடைசியாகத்தான் ஊற்றினேன், நீங்கள் சொன்னது அப்படியே சரி. கோதுமை பீர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள், நம் ஊர் வெக்கையில் அது வருமா?

தக்கலை வாசகர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் வருஷத்தியது, இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம், நமக்கு மட்டும்தானே என்பது செல்லாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதனால் கேரளாவில் நடக்கிறதே என்ற பேச்சும் இங்கே எடுபடாது. கோதுமை பீர் ஆசையை வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு நிறுத்துங்கள் தம்பி.

இஞ்சி பீரிலும் எல்லை இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளில் ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தாண்டினால் மதுபானக் கணக்கு. மேலே அண்ணன் சொன்ன கணக்கை வைத்தே பாருங்கள், லிட்டருக்கு 8 கிராம் சீனி புளித்து 2 மடங்கு கேஸ் ஏறும்போதே அரை சதவீதம் வந்துவிடும். உங்கள் பாட்டிலை ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டிருந்தால் பீர் அளவுக்கே போயிருக்கும். வீட்டில் குழந்தைகள் குடிப்பார்கள், சர்ச்சிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

லீட்ஸ் குளச்சல்காரர்

தக்கலை அண்ணன் சொல்வது சரி, நானும் ஊருக்கு லீவில் வரும்போது இதைத் தொடுவதில்லை. வகை பற்றிக் கேட்டதால் மட்டும் சொல்கிறேன். பிட்டர், ஸ்டவுட் போன்ற ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் வேலை செய்யும், லாகர் ஈஸ்டுக்கு 8 முதல் 13 வேண்டும், அப்புறம் பல வாரம் ஐஸ் போன்ற குளிரில் கிடக்க வேண்டும். நம் ஊரில் அதற்குத் தனி ஃப்ரிட்ஜ் இல்லாமல் முடியாது. நார்வேக்காரர்களிடம் க்வைக் என்று ஒரு பண்ணை ஈஸ்ட் உண்டு, 35 டிகிரியிலும் சுத்தமாகப் புளிக்கும்.

கோதுமை பீர் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியின் பவேரியா ஈஸ்டை வைத்து நான் முதல் தடவை காய்ச்சி, மூடியைத் திறந்தபோது வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அடித்தது. இரண்டையும் யாரும் போடவில்லை, கோதுமை மால்ட், பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் அவ்வளவுதான், வாசனை முழுக்க ஈஸ்ட் உண்டாக்கியது. எனக்கு அந்த நிமிஷம் மட்டிப்பழக் குலை தொங்கும் எங்கள் வீட்டுத் திண்ணையும், மாறாமலைக் கிராம்பு காயப்போட்ட பாயும்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன், அவளும் மட்டி என்றே சொன்னாள்.

இனி உங்களுக்கு ஒரு வழி. பாட்டிலில் அடைத்துக் கேஸ் ஏற்றுவதையே விட்டுவிடுங்கள். இஞ்சியும் கருப்பட்டியும் இரட்டிப்பாகப் போட்டுக் காய்ச்சி நன்றாக ஆற்றி, நுரைத் தண்ணீரை ஊற்றி, பானை வாயைத் துணியால் கட்டி 6 மணி நேரம் மட்டும் வையுங்கள். லேசாகக் குமிழி கிளம்பியதும் வடிகட்டி ஃப்ரிட்ஜில். பரிமாறும்போது பாதி சாறு, பாதி குளிர்ந்த சோடா. புளித்த மணம் கொஞ்சம் கிடைக்கும், அடைக்காததால் வெடிக்காது, சோடா கலப்பதால் ஆல்கஹாலும் பாதியாகும். குழந்தைகளுக்குப் புளிக்காத பாகிலேயே சோடா விட்டுக் கொடுங்கள்.

டப் என்று திறக்கும் சுகம் உங்களுக்கு மட்டும் வேண்டும் என்றால், கூல்டிரிங்ஸ் வந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் கழுவி எடுங்கள், கண்ணாடி வேண்டாம். மேலே மூன்று விரல் இடம் விட்டு அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அமுங்காமல் விறைக்க ஆரம்பித்ததும் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் ஈஸ்ட் சாகாது, மெதுவாகத்தான் ஆகும், அதனால் இரண்டு நாளில் குடித்துவிட வேண்டும்.

பனங்காட்டுப் பேத்தி

மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. இப்போது ஐப்பசி மழை, ராத்திரி குளிர்கிறது. டிசம்பரில் இன்னும் மாறும். கையும் நாக்கும்தான் அளவு.

கருங்கல்காரன்

இரண்டாம் தடவை செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன். நுரைத் தண்ணீர் இந்தத் தடவை மூன்று நாள்தான். இரட்டைச் சாறு 3 லிட்டர் செய்து, காலை 7 மணிக்குத் துணி கட்டினேன், மழைநாள் என்பதால் மதியம் 2 மணிக்குத்தான் குமிழி வந்தது. வடிகட்டி எலுமிச்சம்பழம் பிழிந்து குளிர வைத்து, சாயங்காலம் சோடா கலந்து எல்லாருக்கும் கொடுத்தேன். அம்மா முதலில் வேண்டாம் என்றவர்கள் இரண்டாம் கிளாஸ் கேட்டார்கள், சுக்குக் காப்பியைக் குளிர வைத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். காரம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அப்பா சொன்னார், அடுத்த தடவை இஞ்சியைக் கொதிக்க வைக்காமல் பாதியைப் பச்சையாக இடித்துப் போடப் போகிறேன்.

பிளாஸ்டிக் பாட்டிலில் ஒன்றே ஒன்று அடைத்தேன். 9 மணி நேரத்தில் விறைத்தது. ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் திறந்தேன், பொங்கவில்லை, நல்ல கேஸ். ஸ்குவாஷ் பாட்டில் மீதி இரண்டையும் அம்மா மண்ணெண்ணெய் ஊற்ற எடுத்துக்கொண்டார்கள்.

லீட்ஸ் குளச்சல்காரர்

பச்சை இஞ்சி போட்டால் அதிலும் ஈஸ்ட் இருக்கும், இன்னும் வேகமாகப் புளிக்கும். மதியம் 2 மணி வரைக்கும் காத்திருக்காதீர்கள், 11 மணிக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள்.